நீர்த்திருடன் யாருடைய பேச்சைப் பேசுவான்? எல்லைக் கிராமத்துப் படக்கதை ஒன்றின் குரல் தேர்வு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டில் கொங்குத் தமிழும் கடையில் மலையாளம் கலந்த தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளில் ஒரு சாரார் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மற்றவர்கள் மலையாளவழியிலோ ஆங்கிலவழியிலோ படிப்பதால், தமிழைச் சரளமாகப் பேசினாலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள்.

இப்பகுதியின் கிராம நூலகம் ஒன்றில் கையெழுத்துப் பத்திரிகை நடந்து வந்தது. அதில் ஓவிய ஆசிரியர் ஒருவர் தொடராக வரைந்த படக்கதையே இந்நிகழ்வின் மையம். தரையில் காதை வைத்தால் நிலத்தடியில் ஓடும் நீரின் ஓசையைக் கேட்கும் ஆற்றல் பெற்ற பதினொரு வயதுச் சிறுமி, அவளுடைய பாட்டி, கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் ஒரு மைனா, இரவில் மடையைத் திறந்து வாய்க்கால் நீரைக் கடத்தும் திருடன் ஆகிய நால்வரைச் சுற்றியது கதை. பிள்ளைகள் அதை விரும்பிப் படித்ததால், கட்டங்களை ஸ்கேன் செய்து, அடுக்குகளாகப் பிரித்து, சிறிது அசைவும் குரலும் ஒலியும் சேர்த்துச் சுமார் 20 நிமிட அசைபடமாக்கி, ஜூன் 19 வாசிப்பு நாளை ஒட்டித் திரையிடுவது என்று நூலகத்தார் முடிவு செய்தார்கள். கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவாகக் கொண்டாடப்படும் அந்த நாளில் இங்குள்ள நூலகங்களுக்குக் கூட்டம் வரும்.

ஓவிய ஆசிரியர், படத்தொகுப்பைக் கவனித்த கணினி ஆசிரியர், ஒலிபெருக்கி நிலையம் நடத்தும் ஒருவர், வசனப் பொறுப்பில் இருந்த நான் ஆகியோரே குழு. படம் அசைவதைவிடக் குரல் எப்படி அமைகிறது என்பதே படைப்பின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அசையாத கட்டத்தில் முகபாவம் மாறாது. கோபமும் தயக்கமும் பொய்யும் குரலில்தான் வந்தாக வேண்டும்.

கதையின் பொருள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சித்தூர் வட்டத்தின் பாசனம் ஆழியாற்று நீரை நம்பியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும். அது குறைந்ததா, நேரத்துக்கு வந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது. இத்தகைய ஊரில் நீரைத் திருடுபவன் எந்தப் பக்கத்துப் பேச்சைப் பேசுகிறான் என்பதைக் கேட்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

முதல் தேர்வு

முதலில் வந்த யோசனை, ஒரே ஆள் எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசலாம் என்பதாகும். இதைச் சொன்ன ஓவிய ஆசிரியரின் மனத்தில் தோல்பாவைக்கூத்து இருந்தது. இம்மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், வரிசையாக ஏற்றிய விளக்குகளுக்கு முன்னே பாவைகளை நிறுத்தி, கம்பராமாயணப் பாடல்களைப் பாடி விரித்துரைக்கும் புலவர் ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் பேசுவார். திரைக்கு இப்புறம் இருப்பவர்களுக்கு அதில் குழப்பம் நேர்வதில்லை. மலையாள நாட்டுக் கோயிலில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த அந்த இடம் எங்களுக்குப் பெருமை தருவது. ஆயினும் புலவரின் குரலுக்குப் பழகிய செவிகளுக்காக அமைந்தது அந்த மரபு. முகங்களை நெருக்கமாகக் காட்டும் படக்கதையில், தொலைக்காட்சிக்குப் பழகிய பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று கருதி அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பின்னர் செய்த தேர்வு இவ்வாறு அமைந்தது. சிறுமியின் பாத்திரத்துக்குக் கோவையில் விளம்பரங்களுக்குக் குரல் தரும், பயிற்சி பெற்ற பெண் ஒருவரை அழைத்தோம். பெரியவர்கள் சிறார்க்குக் குரல் தருவது உலகெங்கும் நிலைபெற்ற வழக்கம்: ‘டிராகன் பால்’ என்னும் ஜப்பானிய அசைபடத் தொடரில் கோகு என்ற சிறுவனுக்கு மசாகோ நொசாவா என்னும் நடிகை 1986 முதல் பேசி வருகிறார், ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் அமெரிக்க அசைபடத் தொடரில் பார்ட் சிம்ப்சன் என்ற சிறுவனின் குரல் நான்சி கார்ட்ரைட் என்னும் பெண்ணுடையது. திருடனுக்கு, கோயில் திருவிழா மேடைகளில் பெயர் பெற்ற மிமிக்ரி கலைஞர் ஒருவரைத் தேர்ந்தோம். அடிவயிற்றிலிருந்து எழும் அவருடைய சிரிப்புக்கே கைதட்டல் கிடைக்கும். மைனாவுக்கு உள்ளூர் இளைஞர். பாட்டிக்கு நாடகப் பழக்கமுள்ள ஒரு அம்மா.

சிறுமிக்கு விளம்பரக் குரலுக்குரிய தெளிவான பொதுத்தமிழ் அமைந்தது. பாட்டியும் மேடைத்தமிழில் பேசினார். மைனாவும் திருடனும் மட்டும் ஊர்ப்பேச்சில் பேசினார்கள். இப்படி ஒரு பிரிவினையை யாரும் திட்டமிடவில்லை. தேர்ந்தெடுத்தவர்களின் பழக்கத்தால் அது தானாக விழுந்தது.

வெள்ளோட்டத்தில் கவனித்தவை

ஏறத்தாழ பாதிப் படம் தயாரானதும் நூலகத்தில் பிள்ளைகளையும் சில பெற்றோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினோம். சிறுமியின் குரல் ஒலித்தவுடன் பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. டிவியில் வருவது போலவே இருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். இதை மறைக்காமல் பதிவு செய்வது அவசியம். தொலைக்காட்சிக் குரல் அவர்களுக்கு உயர்ந்த பொருள்; தம் ஊர்ப் படக்கதைக்கு அது கிடைத்ததில் அவர்களுக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் திருடன் வந்த காட்சிகளில் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நள்ளிரவில் மடையருகே சிறுமி தனியாக மாட்டிக்கொள்ளும் காட்சியில் அச்சம் எழவேயில்லை. படம் முடிந்ததும் முற்றத்தில் அந்தச் சிரிப்பைப் போலச் செய்து விளையாடினார்கள்.

இவ்விரண்டையும் மீறி எங்களை நிறுத்தியது, பின்வரிசையில் இருந்த ஒரு தாயின் கேள்வி. சிறுமியும் பாட்டியும் வெளியூர்க்காரர்களா, இந்த ஊரில் பிறந்தவர்கள் கிளியும் கள்ளனும் மட்டும்தானா என்று அவர் கேட்டார். மைனாவைக் கிளி என்றார். மற்றபடி அவர் கேட்டதில் பிழையில்லை. பக்கத்தில் இருந்த முதியவர் இன்னொன்றைச் சுட்டினார்: திருடனின் பேச்சில் மலையாளச் சாயல் சற்றுத் தூக்கலாக இருப்பதால், எல்லைக்கு அப்பால் இதைப் போட்டால் கேரளத்தார் தண்ணீர் திருடுவதாகப் பொருள்படும், அதையே பொள்ளாச்சிப் பேச்சாக மாற்றினால் இங்குள்ளவர்கள் தமிழ்நாட்டைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

குரல் தேர்வில் யார் எந்தப் பேச்சைப் பேசுகிறார் என்பது எவ்வளவு ஆழமான செய்தியைத் தாங்கிச் செல்கிறது என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1994-இல் வந்த ‘தி லயன் கிங்’ அசைபடத்தில் சிங்க அரசன் முபாசாவுக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் அவனுடைய தீய தம்பி ஸ்காருக்கு ஆங்கிலேய உச்சரிப்புடன் ஜெரமி அயர்ன்ஸும் பேசினார்கள். கழுதைப்புலிகளுக்கு ஹூப்பி கோல்ட்பெர்க், சீச் மரின் ஆகியோர் தந்த குரல்கள், நகர்ப்புறச் சிறுபான்மையினரின் பேச்சைத் தீயவர்களோடு முடிச்சுப் போடுவதாக அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. சிம்ப்சன்ஸ் தொடரின் இந்தியக் கடைக்காரர் பாத்திரத்துக்கு இந்தியரல்லாத ஹாங்க் அசாரியா பல்லாண்டுகள் பேசி வந்தார். 2017-இல் ஓர் ஆவணப்படம் அதைக் கேள்விக்குள்ளாக்கியது. 2020-இல் அவர் விலகினார். நம் பக்கத்திலும் இது புதிதல்ல. தமிழ்ப் படத்தில் மலையாளத் தமிழ் பேசுபவர் டீக்கடை நாயராக வருவதும், மலையாளப் படத்தில் தமிழ் பேசுபவர் வேலைக்காரராகவோ அடியாளாகவோ வருவதும் நாம் பார்த்துப் பழகியவை. இரண்டையும் பார்த்து வளர்ந்த எல்லைப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய ஊர்க்கதையிலேயே அவர்களுடைய பேச்சைக் கோமாளிக்கும் கள்ளனுக்கும் ஒதுக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, குழுவினரும் ஏற்கவில்லை.

ஆகவே நால்வரும் ஒரே ஊர்ப்பேச்சைப் பேச வேண்டும் என்பது முதல் முடிவு. நல்லவர், கெட்டவர் என்ற வேறுபாடு வேகத்திலும் மூச்சிலும் அழுத்தத்திலும் தெரியட்டும். ஊரில் தெரிய வேண்டாம். இதனால் முதியவர் சொன்ன சிக்கலும் தீர்ந்தது. எல்லாரும் ஒரே மண்ணின் பேச்சைப் பேசும்போது, திருடன் எந்த மாநிலத்தையும் சுட்டுவதில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரனாகிவிடுகிறான்.

இரண்டாம் முடிவு, சிறுமிக்கு உண்மையான சிறுமியையே பேச வைப்பது. 1965-இல் சார்லஸ் ஷுல்ஸின் பீனட்ஸ் படக்கதையை ஒட்டி எடுக்கப்பட்ட சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் படத்தில், பெரும்பாலான பாத்திரங்களுக்குக் குழந்தைகளே பேசினார்கள். வாசிக்கத் தெரியாத இளங்குழந்தைக்கு வசனத்தைத் துண்டுதுண்டாகச் சொல்லிக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அந்த ஒட்டுப்போட்ட தயக்கமே பாத்திரத்தின் இயல்பாக மாறியது. எங்களுக்குக் கிடைத்த சிறுமியும் மலையாளவழியில் ஆறாம் வகுப்புப் படிப்பவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். தாளைக் கையில் கொடுத்தபோது அவள் குரல் விறைத்தது. தாளை வாங்கிக்கொண்டு வாய்வழியாகச் சொன்னபோது வீட்டில் பேசுவது போலப் பேசினாள். வாசிக்கத் தெரியாததைக் குறையாகக் கருதி இவளை முதலிலேயே விலக்கியிருந்தால், இக்குரல் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாவது, திருடன். மிமிக்ரி கலைஞரிடம் வெள்ளோட்டத்தில் நடந்ததை நேராகச் சொன்னோம். பதிவுக்குப் பின் குரலை மாற்றுவது பெரிய படைப்புகளிலும் நடந்திருக்கிறது: 1992-இல் தொடங்கிய பேட்மேன் அசைபடத் தொடரில் வில்லன் ஜோக்கருக்கு முதலில் டிம் கரி தேர்வாகி, பதிவும் செய்த பிறகே, மார்க் ஹாமில் வந்தார். எங்கள் கலைஞர் அதைப் பெருந்தன்மையுடன் ஏற்றதோடு, மைனா தனக்கு ஏற்றது என்று தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாருடைய குரலையும் திருப்பிச் சொல்லும் பறவைக்கு மிமிக்ரி கலைஞரைவிடப் பொருத்தமானவர் யார்? முன்பு மைனாவுக்குப் பேசிய இளைஞருக்கு வாய்க்கால் ஓரத்து விவசாயிகளின் சிறு வசனங்களைக் கொடுத்தோம்.

திருடனின் குரலைத் தேடும்போது படத்தை மூடிவைத்து ஒலியை மட்டும் கேட்டோம். முகமும் பெயரும் தெரியாத நிலையில் எல்லாரும் தேர்ந்தெடுத்த குரல், பால் சங்கத்தில் நெடுங்காலம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவருடையது. அவர் குரலை உயர்த்தியே அறியாதவர். சிறு குழந்தையிடமும் மரியாதை குறையாமல் பேசுபவர். “ஒண்ணும் ஆவாதுங் கண்ணு, நீ போய்த் தூங்குங்” என்று அவர் மெதுவாகச் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 2019-இல் வந்த தி லயன் கிங் தமிழ்ப் பதிப்பில் ஸ்காருக்கு அரவிந்த்சாமி பேசியதைக் கேட்டவர்களுக்கு, தணிந்த குரலில் எவ்வளவு தீமையை வைக்க முடியும் என்பது தெரிந்திருக்கும்.

கோவையிலிருந்து வந்த கலைஞருக்கு, பதிவு செய்த பகுதிக்குப் பேசிய தொகையை முழுவதும் கொடுத்தோம். கதையில் வானொலி அறிவிப்பு ஒன்று வருகிறது. அதற்கு அவருடைய தெளிவான குரலையே வைத்துக்கொண்டோம். அவர் அத்துடன் நிற்காமல், சிறுமிக்கு மூச்சைப் பிடிக்கவும், மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பேசவும் கற்றுக் கொடுத்தார். அந்தப் பயிற்சி இல்லையென்றால் பகர ஒலிகள் மைக்கில் வெடித்து, பதிவில் பாதி வீணாகியிருக்கும்.

ஒலிப்பதிவு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் கீழைக்காற்று இங்கே தென்னந்தோப்புகளை ஓயாமல் உலுக்கும். அறையின் சன்னல்களைப் பஞ்சு மெத்தைகளால் அடைத்தும் ஓலைச் சலசலப்பு பதிவில் ஏறியதால், காற்றுக்காலம் கழியும்வரை முக்கியக் காட்சிகளை ஒத்திவைத்தோம். மின்விசிறியை நிறுத்திய அறையில் குழந்தை நெடுநேரம் நிற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அமர்வும் 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

குரலை முன்னதாகப் பதிவு செய்து, அதற்கேற்பக் கட்டங்கள் நிற்கும் நேரத்தை அமைத்தோம். அமெரிக்க அசைபடங்களில் பெரும்பாலும் இதுவே முறை. ஜப்பானில் படத்தைப் பார்த்துப் பின்னர் பேசுவதே பெருவழக்கு. எங்கள் படத்தில் உதட்டசைவு இல்லாததால், சிறுமி தயங்கிய இடத்தில் படத்தையும் தயங்க வைக்க முடிந்தது.

மடையருகே நடக்கும் காட்சியில் சிறுமியையும் திருடனாகப் பேசியவரையும் ஒரே அறையில் எதிரெதிரே நிற்க வைத்தோம். பேட்மேன் தொடரின் குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களைச் சேர்த்தே பதிவு செய்ததும், அத்தொடரில் கெவின் கான்ராய், முகமூடி இல்லாதபோது நாயகன் புரூஸ் வெய்னுக்கு ஒரு குரலும் அவனே பேட்மேனாகும்போது வேறொரு குரலும் வைத்துப் பேசியதும் எங்கள் பேச்சில் அடிக்கடி வந்தவை. அந்த இரண்டாவது உத்தியைத் திருடனுக்கும் பயன்படுத்தினோம்: பகலில் ஊராரிடம் பேசும்போது அவர் சற்று வேகமாகவும், இரவில் மடையருகே மிகவும் நிதானமாகவும் பேசினார். தனித்தனியே பதிவு செய்திருந்தால், அவர் அவ்வாறு நிதானிக்கும் இடத்தில் சிறுமியின் மூச்சு இழுபடும் ஒலி கிடைத்திருக்காது. என் கணிப்பில், படம் முழுவதிலும் சிறந்த ஒலி அந்த மூச்சுதான்.

விளைவு

திரையிடலில் மடைக் காட்சி வந்தபோது பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். சிரிப்பு மைனாவுக்கு மட்டும் எழுந்தது. சிறுமியின் குரல் டிவி போல இல்லை என்று சிலர் குறைபட்டது உண்மை. அவர்களில் சிலர் பின்னர் அடுத்த கதையில் தாங்கள் பேச முடியுமா என்று கேட்டதும் உண்மை. முன்பு கேள்வி எழுப்பிய தாய் இம்முறை எதுவும் சொல்லாமல் படத்தை இரண்டாம் முறை பார்க்க உட்கார்ந்தார்.

எதிர்ப்பும் வந்தது. தமிழாசிரியர் ஒருவர், பள்ளியில் திருத்தமான தமிழ் கேட்கும் வாய்ப்பே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு நூலகமும் பேச்சுத்தமிழையே தருவதா என்று வருந்தினார். தமிழ்வழிக் கல்விக்காகப் பல்லாண்டு போராடியவர் அவர். அவர் கவலையை நாங்கள் தள்ளிவிடவில்லை. பேச்சுக் குமிழிகளில் எழுத்துத்தமிழை அப்படியே வைத்து, குரலில் மட்டும் ஊர்ப்பேச்சு என்று ஏற்கெனவே அமைந்திருந்ததைக் காட்டி, குமிழி திரையில் நிற்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டினோம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் அதனால் பயன்பெற்றதை அவரே பிறகு எடுத்துச் சொன்னார்.

எதிர்பாராத விளைவு வேறொன்று. திருடனாகப் பேசியவரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். திரையிடலுக்குப் பின் பிள்ளைகள் அவரைத் தெருவில் கண்டால் தண்ணிக் கள்ளன் என்று கூவினார்கள். அவர் சிரித்துக்கொண்டார், வீட்டார்க்கு அது பிடிக்கவில்லை. சங்கத்தில் காசுக்கணக்கு பார்த்தவரைக் கள்ளன் என்று விளையாட்டுக்கும் அழைக்கக் கூடாது என்று அவருடைய மகள் சொன்னது நியாயமே. நூலகத்தில் பிள்ளைகளைக் கூட்டி, குரல் எப்படிப் பதிவாகிறது என்பதை அவரைக் கொண்டே செய்து காட்டினோம். அவர் அதே வசனத்தைப் பாட்டியின் அன்போடும் பின் திருடனின் நிதானத்தோடும் பேசிக் காட்டினார். கூவல் குறைந்தது. முற்றிலும் நின்றதாகச் சொல்ல முடியாது.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் காட்டியபோது திருடன் எந்த மாநிலத்தவன் என்ற பேச்சே எழவில்லை. மலையாளம் கலந்த சில சொற்கள் மட்டும் அங்கே புரியவில்லை. குமிழியை வாசித்துப் பிள்ளைகள் சமாளித்தார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தீய பாத்திரத்துக்கு அதே ஊரில் அன்றாடம் நடமாடுபவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவருடன் மட்டுமன்றி அவர் வீட்டாருடனும் பேச வேண்டும். இயன்றால் பத்து மைல் தள்ளியுள்ள ஊரிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும். பேச்சு மாறாது, முகம் தெரியாது.

சிறார் குரலைப் பதிவு செய்யும்போது திருத்தப் பதிவுகளையும் அதே பருவத்தில் முடித்துவிட வேண்டும். சில வரிகளைச் சில மாதம் கழித்து எடுத்ததில் குரல் சற்றுக் கனத்திருப்பது கூர்ந்து கேட்பவர்க்குத் தெரிகிறது. பெற்றோரிடம் பெற்ற எழுத்து ஒப்புதலில், இக்குரல் இப்படத்துக்கு மட்டுமே பயன்படும் என்ற வரியைச் சேர்த்திருந்தோம். குரலைக் கணினி கொண்டு நகலெடுப்பது எளிதாகிவிட்ட இக்காலத்தில் அவ்வரியை இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

வெள்ளோட்டத்தைப் பாதிப் படம் முடிந்த பிறகு வைப்பதும் தாமதம். கட்டங்களை வரிசையாக வைத்து, தற்காலிகக் குரலுடன் முதல் சில நிமிடங்களை மட்டும் காட்டினாலே, யார் எந்தப் பேச்சைப் பேசுகிறார் என்பது கேட்பவர் காதில் விழுந்துவிடும். இரண்டாம் கதைக்கு அவ்வாறே செய்யத் தொடங்கியிருக்கிறோம். அதில் வரும் பாசன அதிகாரி மலையாளம் பேசுவாரா, ஊர்த்தமிழ் பேசுவாரா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆதலால் அப்பாத்திரத்துக்கு இரண்டு குரல்களையும் எடுத்து வைத்திருக்கிறோம்.